புழக்கடையில் குடியிருப்போர்

வீட்டைப் பழுது பார்க்க முனையும் குடும்பத்தார் முதலில் செய்வது கணக்கெடுப்பு. எத்தனை நிலைக்கதவுகள் உளுத்துப்போயின, மேல்தளம் எங்கெங்கே ஒழுகுகிறது, எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை வண்டி மணல் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொள்கின்றனர். ஆனால் அவ்வீட்டில் தம்மோடு சேர்ந்து யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை எழுதிக்கொள்வோர் அரியர். அணிலும் ஓணானும், தேரையும் அரணையும், தவிட்டுக்குருவியும் குளவியும் அந்த நோட்டில் இடம்பெறுவதில்லை. எங்கள் நோட்டிலும் அவற்றுக்கு இடமில்லாமலே வேலை தொடங்கியிருக்கும். தொடங்குமுன் நேர்ந்த சில நிகழ்ச்சிகள் எங்களைச் சற்று நிறுத்தி எண்ண வைத்தன. குழந்தைகளும் முதியோரும் உள்ள பிற குடும்பங்களுக்கும் அவை பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

செங்கற்பட்டில், கொளவாய் ஏரியின் காற்று வந்து சேரும் தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் இல்லம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களை நெருக்கமாகச் சாய்வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, கடைசியாகத் தட்டோடு பதித்த தளம். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த அந்தக் காரை, நம் முன்னோர் கைவேலைக்கு நற்சான்று. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இதைச் செப்பனிட முடிவு செய்தோம்.

இல்லத்தின் பின்கட்டில், சன்னலை ஒட்டி எங்கள் மிதி தையல் எந்திரம் நிற்கிறது. அது ஒருவருடைய உடைமையன்று. ஒருவர் துணி வெட்ட, ஒருவர் மிதிக்க, பாட்டி காஜா எடுக்க, பிள்ளைகள் பொத்தான் தைப்பார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் தெருப் பிள்ளைகளின் புதுநன்மை உடைகளும் பள்ளிச் சீருடைகளும் எந்திரத்தருகே மலைபோலக் குவிந்துவிடும். வெளிச்சத்துக்காகச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுதும் தைப்போம். ஆகவே புழக்கடையில் நடப்பவை யாவும் எங்கள் கண்ணில் படும்.

அவ்வாறு கண்ணில் பட்டதே கொய்யா மரத்துத் தையல் சிட்டு. கட்டைவிரல் பருமனே உள்ள அந்தப் பறவை, இரண்டு கொய்யா இலைகளின் விளிம்புகளில் அலகால் துளையிட்டு, நாரையும் பஞ்சையும் அத்துளைகளில் நுழைத்து இழுத்துப் பை போலத் தைத்துக்கொண்டிருந்தது. தைப்பது பெண் பறவையே. அது முடிச்சுப் போடுவதில்லை. துளை வழியே வெளிவந்த நாரின் நுனி பிரிந்து பஞ்சுபோல் விரிந்துகொள்வதால் அது திரும்ப நழுவாமல் நின்றுவிடுகிறது. நாங்கள் சன்னலுக்கு வெளியே உதறிய வெள்ளை நூல் துணுக்குகள் சிலவும் அந்தக் கூட்டில் ஏறியிருந்ததைக் கண்டு பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். புதுநன்மைச் சட்டைக்கும் சிட்டின் தொட்டிலுக்கும் ஒரே நூற்கண்டு!

இந்த மகிழ்ச்சி அடங்குமுன் அச்சம் வந்தது. கிணற்றருகே பல ஆண்டுகளாகக் கிடந்த பழஞ்செங்கற் குவியலை ஆட்கள் அகற்றத் தொடங்கிய முதல் நாளே, ஆளுயரத்துக்குக் குறையாத பாம்பொன்று அதிலிருந்து புறப்பட்டு மதிற்சுவரின் பொந்தில் நுழைந்தது. பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். நான்கு ஆட்கள் எம்மாத்திரம்? ஒருவர் கடப்பாரையை எடுத்தார். பாட்டி அதை நல்லபாம்பு என்றார். மகன் சாரை என்றான். உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. அன்றிரவு எங்களுக்கு உறக்கம் இல்லை. கோடைப் புழுக்கத்தில் எங்கள் ஐந்து வயது மகள் கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம்.

மறுநாள் மேஸ்திரி தம் முடிவைச் சொன்னார்: "சார், மண் இருந்தால் ஈரம்; ஈரம் இருந்தால் தவளை; தவளை இருந்தால் பாம்பு. புழக்கடை முழுவதும் சிமெண்டு போட்டுவிடலாம். கிணற்றை மூடி, அந்தக் கொய்யாவையும் எடுத்துவிட்டால் உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை." குழந்தையை நினைத்தபோது அந்தச் சொற்கள் எங்களுக்கும் ஆறுதலாகவே இருந்தன. ஆயினும் ஒரு வாரம் பொறுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டோம்.

அவ்வாரத்தில், திருக்கழுக்குன்றம் சாலையோரச் சிற்றூரில் வாழும் இருளர் பெரியவர் ஒருவரை அண்டை வீட்டார் அழைத்து வந்தனர். செங்கற்களிடையே கிடந்த உரித்த சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். பொந்தின் வாயைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பின்புறம் அடுக்கியிருந்த தவிட்டு மூட்டைகளைப் பார்த்தார். "இது சாரை, அம்மா. விஷம் கிடையாது. எலிக்காக வந்திருக்கிறது. இதை விரட்டிவிட்டால் எலியை யார் பிடிப்பது?" என்றார். போகும்போது, "ஆனால் எல்லாம் சாரையாகவே இருந்துவிடாது. மற்றதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிச் சென்றார்.

அடுத்த விடுமுறை நாளில் குடும்பத்தோடு புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்ந்து, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே வடநெம்மேலிக்குச் சென்றோம். ரோமுலஸ் விட்டேக்கர் 1976ஆம் ஆண்டில் நிறுவிய முதலைப் பண்ணை அங்குள்ளது. அதன் வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமும் இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் இருளர் மக்கள் தோல் வாணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அப்பிழைப்பை நிறுத்தின. கைத்திறன் இருந்தும் அடுப்பெரியாத நிலையில், 1978ஆம் ஆண்டு இச்சங்கம் தோன்றியது. அரசின் அனுமதியோடு பாம்புகளைப் பிடித்து, மூன்று நான்கு வாரங்கள் மட்பானைகளில் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே அவர்கள் கொணர்வன. நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்நான்குமே.

அந்த நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நச்சுமுறிவு மருந்து செய்யப்படுகிறது. இந்திய நிறுவனங்கள் செய்யும் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இந்தச் சிறு சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தன் சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அழைத்ததும் இவ்விருவரையே.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்றோம். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அந்தச் சிற்பத் தொகுதியைப் பலமுறை கண்டிருக்கிறோம்; அன்று எங்கள் கண் சென்றது சிற்றுயிர்கள் மீது. தவக்கோலத்தில் நிற்கும் பூனையும் அதன் காலடியில் எலிகளும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். யானையின் நிழலில் குட்டிகள். நடுவே பாறையின் பிளவில், நீர் வழியும் பாதையில், நாகனும் நாகினியும். தேவர்களையும் முனிவர்களையும் செதுக்கிய சிற்பி, எலிக்கும் பூனைக்கும் பாம்புக்கும் அதே கல்லில் இடம் ஒதுக்கியிருக்கிறான். "நாகர் ஏன் நடுவில் இருக்கிறார்கள்?" என்று மகள் கேட்டாள். "தண்ணீர் போகும் வழி அவர்களுடையது" என்றார் பாட்டி. புழக்கடையைப் பற்றிய எங்கள் முடிவு அந்த இடத்திலேயே ஏறக்குறைய உருவாகிவிட்டது.

இரக்கம் ஒன்றையே நம்பி வீடு கட்ட இயலாது. குழந்தையின் உயிர் பெரிது. 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் நாட்டுப்புற மக்கள். ஆகவே அஞ்சுவது தவறன்று. எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அறிந்து அஞ்சுவதே முறை. அரணை கடித்தால் மரணம் என்று அஞ்சுகிறோம். அரணைக்கு நஞ்சே இல்லை. இரண்டு சாரைகள் பின்னி எழுந்து ஆடினால் பிணையல் என்கிறோம். அது இரு ஆண் பாம்புகளின் மற்போர். உண்மையில் நாம் அஞ்ச வேண்டிய கட்டுவிரியனோ இரவில் ஓசையின்றி வந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த தடமும் வலியும் தெரியாமலே போகலாம். விடியுமுன் வயிற்று வலியும், இமைகள் தாமே மூடிக்கொள்வதும் அதன் அறிகுறிகள். சிமெண்டுத் தரை அதைத் தடுக்காது. கதவிடுக்கு ஒன்றே அதற்குப் போதும்.

ஆகவே மேஸ்திரியோடு அமர்ந்து நோட்டைத் திருத்தி எழுதினோம். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மட்டும் சரிவான சிமெண்டுத் தளம்; அதற்கப்பால் மண் மண்ணாகவே இருக்கும். 2015ஆம் ஆண்டின் பெருமழையில் தெருவெல்லாம் நீர் தேங்கியதைக் கண்ட எங்களுக்கு, நீர் குடிக்கும் மண்ணின் அருமை தெரியும். மழைநீர்ச் சேமிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது; ஆகவே கிணற்றை மூடாமல் இரும்புக் கம்பி மூடி போட்டு, மாடி நீரை அதில் இறக்கினோம். செங்கற் குவியல் அகன்றது. விறகு, சுவரை விட்டு விலகி உயர்ந்த மேடைக்குச் சென்றது. தவிடும் அரிசியும் தகர டிரம்முக்குள் புகுந்தன. சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை இட்டு, சுவரில் வீட்டினுள் திறக்கும் பொந்துகளை அடைத்தோம். உப்புப் பூத்த பழஞ்சுவர்களுக்குச் சிமெண்டு பூசாமல் சுண்ணாம்பே பூசினோம். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்போ அதை வெளியே விட்டுவிடும்.

மீதி வேலை தையல் எந்திரத்துக்கு வந்தது. பழைய கால்சட்டைத் துணிகளை நீண்ட குழாய் போலத் தைத்து, மணல் நிரப்பி, கதவுகளின் அடியில் இடைவெளி இல்லாமல் பொருந்துமாறு அமைத்தோம். எல்லாருக்கும் கொசுவலைகள் தைத்தோம். வலையின் கீழ்ப்புறத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கெட்டித் துணி சேர்த்து, படுக்கையின் அடியில் நன்கு செருகுமாறு அமைப்பதே இதில் நுணுக்கம். அவ்வாறு செருகிய வலை கொசுவைத் தடுப்பதோடு கட்டுவிரியனையும் தடுக்கிறது. மகளுக்குக் கட்டில் வந்தது. இரவில் புழக்கடைக்குப் போவோர் கையில் டார்ச் விளக்கின்றிப் போகலாகாது என்பது வீட்டுச் சட்டம்.

கொய்யா மரத்தின் பக்கத்துச் சுவர் வேலையைக் குஞ்சுகள் பறக்கும் வரை தள்ளிப்போடச் சொன்னோம். மேஸ்திரிக்கு அதில் விருப்பமில்லை. "ஒரு குருவிக்காகவா சாரத்தைப் பிரிப்பது?" என்றார். அவருக்கும் ஆட்களுக்கும் கூலி நட்டம் வராமல் உள் அறைகளின் பூச்சை முதலில் முடிக்க ஏற்பாடு செய்தோம். முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாட்கள், குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள். நாட்களை எண்ணிச் சுவரில் கோடு போட்டவர்களுள் சித்தாள் அம்மாளும் ஒருவர். கூடு காலியான காலையில் செய்தி சொல்ல முதலில் ஓடி வந்தவரும் அவரே.

வாசகக் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது. எத்தனை காவல் இருந்தாலும் ஒருவரைப் பாம்பு தீண்டிவிடலாம். அப்போது கயிறு கட்டாதீர், கீறாதீர், வாயால் உறிஞ்சாதீர், பச்சிலை தேடி நேரத்தை இழக்காதீர். மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்தோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. நான்கு பாம்புகளுக்கும் ஒரே முறிவு மருந்துதான். 2024ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியுள்ளது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு தெரிந்தால், எங்கே எவ்வளவு மருந்து வைப்பது என்பதும் தெரியும்.

உங்கள் இல்லத்திலும் கட்டட வேலை நடக்கவிருந்தால், கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு மாலையும் ஒரு காலையும் புழக்கடையில் சும்மா அமர்ந்து பாருங்கள். எது எங்கே வருகிறது, எதற்காக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பிள்ளைகளையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு சிமெண்டு மூட்டைகளின் எண்ணிக்கையை எழுதுங்கள்.