ரெண்டு நாலு

சேலம் சின்னக்கடை வீதியில் வளையல் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு நாலு" என்று எடுத்துப் போடுவார். இரண்டு அங்குலத்தோடு பதினாறில் நாலு பாகம் என்று பொருள். என் தங்கைக்கு ரெண்டு ஆறு. தச்சர் கணக்கில் எங்களுக்குள் ஒரு நூல்தான் வித்தியாசம், அதற்கும் தனி அளவு இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுத்தாலும் பத்து அங்குலமா பத்தரையா என்ற கேள்விதான் முதலில் வரும்.

இப்படி நகைக்காக என் கையை நூல் பிசகாமல் அளந்து வைத்திருக்கும் ஊரில், வேலைக்காக அதை யாரும் அளந்ததில்லை. எனக்கும் அது தோன்றவில்லை, வலி வரும்வரை.

அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றுவது, வருகைப் பதிவு, நாக் குழுவுக்கான ஆவணங்கள், இரவில் வீட்டில் மெய்ப்புத் திருத்தம் என்று நாள் முழுக்க வலது கை மவுஸின் மேலேயே இருக்கும். நள்ளிரவில் விரல்கள் மரத்துப்போய் விழித்துக்கொள்வேன். மருத்துவர் கார்பல் டனல் என்றார். மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுவதால் வருவது, ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். துணி பிழிகிறீர்களா, மாவு பிசைகிறீர்களா என்று கேட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

அதைக் கேட்டவன் என் அண்ணன் மகன். பொறியியல் படிக்கிறான், கணினியில் விளையாட்டுப் பைத்தியம். நான் மவுஸ் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க கை சின்னதுங்க. மவுஸ்தான் பெருசு" என்றான். ஸ்கேல் எடுத்து மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தான். பதினாறரை சென்டிமீட்டர். பொத்தானை எட்டுவதற்காக நான் உள்ளங்கையைத் தூக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தே வைத்திருக்கிறேன் என்று காட்டினான். பிறகு தான் பயன்படுத்தி ஒதுக்கிய ஒரு மவுஸைக் கொடுத்துவிட்டுப் போனான்.

உறுப்புகளை நகர்த்தி நம் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளும் மவுஸ் அது. 2010 வாக்கில் மேட் கேட்ஸ் நிறுவனத்தின் ஆர்.ஏ.டி. வரிசை இந்த வகையைப் பிரபலமாக்கியது. உள்ளங்கை தாங்கும் பகுதியை முன்னும் பின்னும் தள்ளலாம், கட்டைவிரல் பலகையை நகர்த்திச் சாய்க்கலாம், சுண்டுவிரல் பக்கத்தைக் கழற்றி மாற்றலாம், எடைக் கட்டிகளைச் சேர்க்கலாம், எடுக்கலாம். டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கும்போது எல்லாக் கைக்கும் ஒரே அளவுதான். கையளவு பற்றிய அக்கறை விளையாடுகிறவர்களுக்கு வந்தது, வேலை வாங்குகிறவர்களுக்கு வரவில்லை.

நன்மையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைப் பகுதியை முழுக்க உள்ளே தள்ளியதும் என் கை முதன்முறையாக அதன்மேல் படுத்தது. டிபிஐ பொத்தானை அழுத்தினால் அம்பின் வேகம் கூடும். சிறிது அசைத்தாலே திரையின் மறுமுனைக்குப் போய்விடுவதால் தோளுக்கு வேலை குறைகிறது. மிகவும் கூட்டிவிட்டாலோ மதிப்பெண் கட்டத்தில் அம்பு நிற்காது. நடுவில் ஒரு வேகத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதத்தில் இரவு விழிப்பு பாதியாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. கட்டிகளையெல்லாம் எடுத்த பிறகும் கனம். நூற்றைம்பது கிராமை ஒட்டி வரும். விளையாட்டுக்காரர்களே இப்போது அறுபது கிராம் மவுஸைத் தேடுகிறார்கள். இடுக்குகளில் தூசி அடைகிறது. பொத்தான்களுக்கு வேறு வேலை கொடுக்கத் தனி மென்பொருள் வேண்டும், கல்லூரிக் கணினியில் அதை நிறுவ அனுமதி இல்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, "மேடம் பப்ஜி ஆடறாங்க" என்ற கேலி வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறையைக் காட்டியவர் இடதுகைப் பழக்கமுள்ள என் சக ஆசிரியை. ஆசையாகக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் சோத்தாங்கைக்குத்தானா?" என்றார். எத்தனை திருகினாலும் அவர் பக்கம் அது திரும்பாது.

அட்ஜஸ்ட் என்ற சொல்லை நாங்கள் கேட்டு வளர்ந்த விதம் வேறு. அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. பள்ளிபாளையத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, பலகை தாழ்வாக இருந்ததால் அரைச் செங்கல்லைக் கீழே கொடுத்து உட்காருவாள். அடுத்து வருகிற அக்கா கல்லை ஒதுக்கிவிட்டுத் தன் சாக்கை மடித்துப் போடுவாள். பட்டறைக்காரர் பலகையைப் பற்றி யோசித்ததே இல்லை. அந்த வாக்கியத்தில் எழுவாய் எப்போதும் நாங்கள்தான். ஒரு பொருள் எனக்காக அட்ஜஸ்ட் ஆவதை நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன்.

பாதி வலி போயிற்று. மீதிப் பாதிக்குக் காரணம் மவுஸ் இல்லை. எங்கள் துறையில் மதிப்பெண் ஏற்றும் வேலை பெண்களிடமே வந்து சேரும். "நீங்கதான் பொறுமையா பண்ணுவீங்க" என்பார்கள். கட்டைவிரல் பலகையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினாலும் இது நகராது.

துறைக் கூட்டத்தில் இரண்டு கேட்டேன். அடுத்த முறை ஆய்வகத்துக்கு மவுஸ் வாங்கும்போது சிறிய அளவிலும், இடதுகைக்கும் சில வாங்க வேண்டும். மதிப்பெண் ஏற்றுவது எல்லோருக்கும் சுழற்சி முறையில் வர வேண்டும். முதலாவதைச் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு அறை அமைதியானது. நானும் இடதுகைத் தோழியும் அந்த அமைதியை உடைக்காமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அது தீர்மானமாக எழுதப்பட்டது.

சுழற்சி தொடங்கிய மூன்றாவது வாரம் ஆண் பேராசிரியர் ஒருவர் மணிக்கட்டை உதறிக்கொண்டே வந்தார். "அந்த மவுஸை ஒருநாள் குடுங்க மேடம்." உள்ளங்கைப் பகுதியை அவர் கைக்கு நீட்டி வைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்ப வாங்கி என் அளவுக்கு உள்ளே தள்ளிக்கொண்டேன்.