ஸ்காகனில் வண்டி நின்ற நாள்

பைக்கில் நீண்ட பயணம் கிளம்பும் நம்மவர்கள் திட்டம் போடும்போது முதலில் வெட்டுவது ஓய்வு நாளைத்தான். "லீவே பன்னிரண்டு நாள். அதுல ஒரு நாள் சும்மா உட்காரப் போறியா?" என்று நண்பன் போனில் சிரித்தான். நாங்கள் வெட்டவில்லை. எக்செலில் மூன்றாம் நாளுக்கு எதிரே 'வண்டி ஓடாது' என்று மட்டும் எழுதிவைத்தோம். இடம், டென்மார்க்கின் வடகோடியில் இருக்கும் ஸ்காகன். அதற்கு மறுநாள் காலை ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, நார்வேயின் மலைப்பாதைகள்.

ஐன்ட்ஹோவனிலிருந்து முதல் நாள் ஹாம்பர்க். இரண்டாம் நாள் ஹாம்பர்க்கிலிருந்து ஸ்காகன், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜட்லாண்ட் தட்டையான நிலம், மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனாலேயே மேற்குக் கடலிலிருந்து வரும் காற்றுக்குத் தடையும் இல்லை. வடக்கே போகும்போது அது இடது தோளிலேயே அடித்துக்கொண்டிருக்கும். நேர் சாலையில்கூட வண்டியைக் காற்றின் பக்கம் லேசாகச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும்.  மணிக்கணக்காக இதே வேலை.

ஸ்காகனில் இறங்கியதும் என் மனைவி கையுறையைக் கழற்றி விரல்களை உதறினாள். "ரெண்டு விரல் மரத்துப் போச்சு. காதுல இன்னும் காத்து ஓடுதுப்பா." எனக்குக் கழுத்து திரும்பவில்லை. தூக்கம் வந்தால் நமக்கே தெரிந்துவிடும். கவனம் குறைவது அப்படித் தெரியாது, அதுதான் பயம். நேர் சாலையிலேயே இந்தப் பாடு என்றால், பின்னால் ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு மறுநாளே கொண்டை ஊசி வளைவுகளில் ஏற எனக்கு மனசில்லை.

ஓய்வு நாளில் ஒன்பது மணிவரை தூங்கினோம். பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பார்த்தேன். துவைத்த துணி அதே பாழாப்போன காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது! மதியம் பெட்டியில் கொண்டுவந்த குட்டி குக்கரில் சோறு, கடைத் தயிர், ஊறுகாய். ஊரில் பேர்பெற்ற ஓவிய மியூசியம் இருக்கிறது. க்ரோயர், அன்னா ஆங்கர் எல்லாம் இங்கே வரைந்தவர்கள். போகவில்லை. பட்டியல் போட்டுச் சுற்றினால் அது இன்னொரு வேலை நாள்தான்.

சாப்பிட்டுவிட்டு கால் போன போக்கில் நடந்ததில் ஊருக்கு வெளியே மணல்மேட்டு நடுவில் ஒரு வெள்ளைக் கோபுரம். மணல் மூடிய தேவாலயம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே காற்று கொண்டுவந்த மணல் வாசலை அடைத்துக்கொண்டே இருக்க, ஜனங்கள் தோண்டித் தோண்டி உள்ளே போய்க் கும்பிட்டிருக்கிறார்கள். 1795-ல் முடியாமல் மூடிவிட்டார்கள். பிறகு கட்டடத்தை இடித்தாலும், கப்பல்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். மரத்தை வெட்டி, ஆடுமாடு மேய்த்து, மண்ணைப் பிடித்துவைத்த செடிகொடிகளை அழித்ததுதான் இந்த மணல் கிளம்பியதற்குப் பெரிய காரணம்.

என் மாமியார் ராமேஸ்வரத்துக்காரர். மனைவி அங்கேயே நின்று வீடியோ கால் போட்டாள். கோபுரத்தைப் பார்த்ததும் அவர், "நம்ம தனுஷ்கோடி மாதிரில்ல இருக்கு" என்றார். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது. அப்போது அவருக்கு ஏழு வயசு. "அங்க ஒரே ராத்திரி. இவங்களுக்கு வருஷக்கணக்கா தோண்டிப் பார்க்க நேரம் இருந்திருக்கு" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் எங்க போய்க் கும்பிட்டாங்களாம்?" என்று கேட்டார்.

"ஊருக்குள்ள 1841-ல வேற கோயில் கட்டிட்டாங்கம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மாலை கிரேனென் முனைவரை நடந்தோம். வடகடல் பக்கத்து ஸ்காகராக்கும் பால்டிக் பக்கத்து கட்டகாட்டும் அங்கே ஒன்றின்மேல் ஒன்று மோதுகின்றன. நீரோட்டம் மோசம் என்பதால் குளிக்கத் தடை. கன்னியாகுமரி மாதிரி கூட்டமில்லை, சுண்டலும் இல்லை. ஜூன் மாதம், பத்து மணி தாண்டியும் வெளிச்சம் போகவில்லை.

மறுநாள் காலை காற்று குறைந்திருக்கவில்லை. ஹிர்ட்ஷால்ஸ் ஐம்பது கிலோமீட்டர்தான். கிளம்புமுன் மனைவி கையுறையை மாட்டி, பத்து விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.