காவலாளி இல்லாத காட்டில் இரண்டு இரவுகள்

தங்குவதற்குக் கட்டணம் இல்லை, வாயிற்கதவு இல்லை, பெயரெழுதப் பேரேடு இல்லை, காவலாளியும் இல்லை. இத்தகைய இடம் இக்காலத்தில் எங்கேனும் உண்டோ என்று வாசகர்கள் ஐயுறலாம். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்துக் காடொன்றில் இரண்டு இரவுகள் தங்கும் வரையில் நாங்களும் அவ்வாறே ஐயுற்றிருந்தோம்.

பீனிக்ஸ் நகரில் வாழும் மகள் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். செப்டம்பர் மாத இறுதி. "காட்டிலே கூடாரமடித்து இரண்டு நாள் இருந்து வருவோம், மாமா" என்றார் மருமகன். விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்றா என்று வினவினோம். அவர் சிரித்தார். "விடுதியும் இல்லை, பணமும் இல்லை. தண்ணீர்கூட நாம்தான் கொண்டு போக வேண்டும்" என்றார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் என்பது அங்குள்ளோர் கணக்கு. அறுவருக்கு இரண்டு நாளுக்கென ஐம்பது லிட்டர் நீரை ஐந்து கேன்களில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம்.

பீனிக்ஸ் பாலைவன நகரம். ஆள் உயரத்தினும் பன்மடங்கு ஓங்கிக் கைகளை விரித்து நிற்கும் சகுவாரோக் கள்ளிகளே வழியெங்கும் தென்பட்டன. வடக்கு நோக்கிச் செல்லச் செல்லச் சாலை மேலேறிற்று, கள்ளி மறைந்தது, வெயிலின் கடுமை தணிந்தது. இரண்டரை மணி நேரத்தில் பிளாக்ஸ்டாப் என்னும் ஊரை அடைந்தோம். அதன் உயரம் சுமார் 7,000 அடி. ஏறக்குறைய நம் கொடைக்கானலின் உயரமே. எங்கு நோக்கினும் பாண்டரோசா பைன் மரங்கள். முதிர்ந்த மரத்தின் செம்மஞ்சள் நிறப் பட்டையருகே மூக்கை வைத்தால் வெனிலா மணம் கமழ்கிறது. பேரப்பிள்ளைகள் இருவரும் மரத்துக்கு மரம் ஓடி முகர்ந்து பார்த்தனர். நாங்களும் வெட்கத்தை விட்டு முகர்ந்தோம்.

இக்காட்டின் பெயர் கொக்கொனினோ தேசிய வனம். பரப்பு சுமார் 18 இலட்சம் ஏக்கர். இதன் ஒரு பகுதி 1898-ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது; 1908-இல் இப்போதைய பெயர் வழங்கிற்று. நாடு முழுவதிலும் இவ்வாறான 154 தேசிய வனங்கள் உள்ளன. புல்வெளிகளையும் சேர்த்தால் அவற்றின் பரப்பு ஏறத்தாழ 19 கோடி ஏக்கர். அதாவது தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு. 1905-இல் நிறுவப்பட்ட வனத்துறை இவற்றைப் பேணி வருகிறது. தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. பல பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. குறித்த இடத்தில்தான் தங்கலாம். வனத்திலோ மரம் வெட்ட அனுமதி பெறுவோரும், மாடு மேய்ப்போரும், வேட்டையாடுவோரும், எங்களைப் போல் வெறுமனே வந்து தங்குவோரும் உளர். பெரும்பாலான பகுதிகளில் எவரும் கட்டணமின்றிக் கூடாரமிடலாம். ஆயினும் நகரை ஒட்டிக் கூட்டம் பெருகிவிட்ட சில இடங்களில் குறியிட்ட இடங்களில் மட்டுமே இசைவு. சில இடங்களில் அதுவும் இல்லை. ஆகவே வனத்துறையின் வரைபடத்தைப் பார்த்தறிந்தே செல்ல வேண்டும்.

கட்டணம் இல்லையே தவிரக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. பதினான்கு நாட்களுக்கு மேல் தங்கலாகாது. வரைபடத்தில் காட்டாத பாதையில் வண்டியைச் செலுத்தலாகாது. குட்டையொன்றே அப்பகுதியின் நீராதாரமாயின், அதிலிருந்து கால் மைல் தொலைவுக்குள் கூடாரமிடுதல் அம்மாநிலச் சட்டப்படி குற்றம். ஏனெனில் மனிதரைக் கண்டு அஞ்சும் மானும் மாடும் தாகத்தோடு திரும்பிவிடும். கழிப்பறை கிடையாது, நீர்நிலையினின்றும் பாதையினின்றும் இருநூறு அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். குப்பைத் தொட்டியும் கிடையாது. கொண்டு சென்றதன் மிச்சம் அனைத்தையும் திரும்ப எடுத்து வர வேண்டும். புதிய இடத்தைத் திருத்தாமல், முன்பு வந்தோர் தங்கிய இடத்திலேயே தங்குதல் நன்று.

மண் பாதையில் சிறிது தூரம் சென்று அத்தகைய இடம் ஒன்றைக் கண்டோம். கற்களை வட்டமாக அடுக்கிய அடுப்பு ஒன்று நடுவே இருந்தது. எதிரே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் ஓங்கி நின்றன. அவற்றுள் உயர்ந்தது 12,633 அடி. அரிஸோனாவிலேயே மிக உயர்ந்த சிகரம் அதுவே. சரிவுகளில் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறம் பூண்டிருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் ஹோப்பி மக்களிடையே பணிபுரிய வந்த பிரான்சிஸ்கன் துறவியர், தம் சபைத் தந்தையாம் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயரை இம்மலைக்கு இட்டனர். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே ஹோப்பி மக்களும் நவஹோ மக்களும் இம்மலைக்குத் தத்தம் மொழியில் பெயரிட்டுப் புனித மலையெனப் போற்றி வந்தனர், இன்றும் போற்றுகின்றனர்.

"தாத்தா, இந்த இடம் யாருடையது?" என்று பேரன் கேட்டான். அரசாங்கத்தினுடையது என்றோம். "அப்படியானால் நம்மை ஏன் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை?" என்றான். அதற்கு விடை சொல்ல எங்களால் இயலவில்லை.

கூடாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தபோதுதான் அது நிகழ்ந்தது. பிள்ளைகள் சுள்ளி பொறுக்கிவந்து கல்லடுப்பருகே குவித்தனர். அடுப்பின்மேல் மண் மூடியிருந்தது. முன் வந்தோர் ஒழுங்காக மூடிச் சென்றனர் என்று நாங்கள் மெச்சினோம். பாட்டி மட்டும் குனிந்து, புறங்கையை மண்ணுக்கு அருகே கொண்டு சென்று, சட்டென்று இழுத்துக்கொண்டாள். "உள்ளே தணல் இருக்கிறது" என்றாள்.

நாங்கள் நம்பவில்லை. புகை இல்லை, மணமும் இல்லை. ஆனால் விறகடுப்பில் வளர்ந்தவளை ஏமாற்ற இயலுமோ? தீப்பெட்டியை மிச்சப்படுத்த, இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்துக் காலையில் ஊதி எழுப்புவது அவள் தாய் வீட்டு வழக்கம். மண்ணைக் கிளறியபோது, கையளவு கட்டையொன்று செக்கச்செவேலெனக் கண் விழித்தது. அவ்வேளையில் மலைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, காய்ந்த பைன் ஊசிகள் மெத்தைபோல் கிடந்தன.

மருமகன் ஒரு கேன் நீரை ஊற்றினார், அடுப்பு சீறிற்று. கிளறி மீண்டும் ஊற்றினார். இரண்டாவது கேனும் தீர்ந்த பின்னரே, புறங்கையை வைத்தால் குளிர்ந்திருந்தது. நீர் ஊற்றுதல், கிளறுதல், தொட்டுப் பார்த்தல்: இவை மூன்றும் முடிந்தாலன்றித் தீ அணைந்ததாகாது என்பது வனத்துறையின் அறிவுரை. மண்ணைப் போட்டு மூடினால், தணல் அடியில் பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

அதன்பின் அவர் கூறிய செய்தி எங்களை நடுங்க வைத்தது. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம், எவரோ அணைக்காமல் விட்டுச் சென்ற முகாம் தீ ஒன்று இதே மலையின் கிழக்குச் சரிவில் பரவி, சுமார் 15,000 ஏக்கர் காட்டை எரித்தது. ஷூல்ட்ஸ் தீ என்று அதனைக் குறிப்பிடுவர். தீயில் ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் வேரும் புல்லும் கருகிய மலை, மழை நீரைத் தாங்க வலுவற்றுப்போயிற்று. அடுத்த மாதம் பெய்த பெருமழையில் சேறும் கல்லும் அடிவாரக் குடியிருப்புகளில் பாய்ந்தன. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வெள்ளத்தில் மாண்டாள். பின்னர் 2022-ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் அம்மலையில் தீ. கூடாரமிட்டிருந்த ஒருவர், கழிவுக்குப் பயன்படுத்திய காகிதத்தைக் கொளுத்திக் கல்லின் கீழ் வைத்துச் சென்றதே அதன் தொடக்கம் என்று வழக்கில் கூறப்பட்டது. எரிந்தது சுமார் 26,000 ஏக்கர்.

இவர்களுள் எவரும் காட்டை எரிக்க வேண்டுமென்று எண்ணியவரல்லர். எங்கள் அடுப்பை மூடிச் சென்றவரும் நல்லவராகவே இருந்திருப்பார், மண்ணைப் போட்டாரே! அணைந்துவிட்டதென்று நம்பினார், தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே.

எஞ்சியது முப்பது லிட்டர் நீர். குடிக்கவும் சமைக்கவும் அது போதும். தீ மூட்டி அணைக்கப் போதாது. அணைக்க நீரில்லாதவன் மூட்டலாகாது என்று மருமகன் உறுதியாகக் கூறிவிட்டார். பல நாட்களாகத் தீயருகே அமரக் காத்திருந்த பேத்தி அழுதாள். கேஸ் அடுப்பில் உப்புமா கிளறி உண்டு, போர்வைக்குள் ஒடுங்கினோம். குளிர் எலும்பைத் துளைத்தது. ஆயினும் தீயில்லாத இருளில் நாங்கள் கண்ட வானம் வாழ்நாளில் மறவாதது. பிளாக்ஸ்டாப் நகர மக்கள் விளக்கொளியைக் கட்டுப்படுத்தி வாழ்கின்றனர். 2001-இல் உலகின் முதலாவது இருள்வான நகரமென்னும் சிறப்பை அந்நகர் பெற்றது. பால்வீதி தலைக்கு மேல் தெளித்த மாவுபோல் கிடந்தது. நள்ளிரவில் எல்க் என்னும் பெருமான் ஒன்று குழலூதுவதுபோல் குரலெழுப்பிற்று. அது அவற்றின் இணைதேடும் பருவம். அழுத பேத்தி வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நீர் நிரப்ப ஊருக்குச் சென்றோம். மலையின் கிழக்குப் புறத்தையும் சுற்றிப் பார்த்தோம். பல ஆண்டுகள் கடந்தும் அச்சரிவில் பழைய காடு திரும்பவில்லை. கருகிய மரங்கள் எலும்புகள்போல் நின்றன. அவற்றினிடையே புல்லும் இளஞ்செடிகளும் தலைகாட்டின. பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு சிறு தீ மூட்டினோம். பாட்டி பழங்கதைகள் சொன்னாள். உறங்கப் போகுமுன் தீயை அணைக்கும் பொறுப்பைப் பேரனிடம் விட்டோம். அவன் ஊற்றினான், கிளறினான், மறுபடியும் ஊற்றினான். பாட்டியைப் போலவே புறங்கையை வைத்துப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் சூடு இருக்கிறது பாட்டி" என்று மூன்றாம் முறையும் ஊற்றினான். அவள் தானும் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகே இருவரும் கூடாரத்துள் வந்தனர்.

காலையில் புறப்படுமுன் தரையெங்கும் கண்ணோட்டினோம். எங்கள் குப்பையோடு, எங்களுடையதல்லாத பாட்டில் மூடிகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டோம். மண் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தது. உள்ளே தாய், தந்தை, பின்னிருக்கையில் ஒரு கைக்குழந்தை. இடம் காலியாகிறதா என்று கேட்டனர். ஆம் என்று கைகாட்டினோம். எங்களை எவரும் ஒன்றும் கேட்காத காரணம் அப்போதுதான் விளங்கிற்று: கேட்க வேண்டியவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

அன்புள்ள வாசகர்களே, ஊர்ப் பொதுக்கிணறும் குளமும் தோப்பும் நம்மிடமும் உண்டு. காவலாளியை வைக்கலாம், பலகை மாட்டலாம். ஆயினும் பொதுச் சொத்து காக்கப்படுவது, போகுமுன் குனிந்து தொட்டுப் பார்க்கும் ஒரு கையினாலேயே. அதைப் பிள்ளைகளுக்கு வாயால் கற்பிக்க இயலாது; அவர்கள் பார்க்கும்படி நாம் செய்தாக வேண்டும்.