தோத்தவன் அடுத்து யாரோட மோதணும்?

ரெண்டு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ, ரெண்டுலயும் அவுட். வளையமாதேவி வீட்டுத் திண்ணையில உக்காந்து நான் தேடினது அடுத்த கம்பெனியை இல்லைங்க, குத்துச்சண்டைக்காரங்களை!

முகமது அலியையே எடுத்துக்கோங்க. 1980-ல ஹோம்ஸ்கிட்ட தோத்தார். அடுத்த வருஷம், 39 வயசுல, ரொம்ப இளையவரான பெர்பிக்கோட இறங்கினார். அதுலயும் தோல்வி. அதோட கையுறையைக் கழட்டிட்டார்.

நம்ம விஜேந்தர் சிங் ஹெவிவெயிட் இல்ல, ஆனா சிக்கல் அதேதான். தொடர்ந்து 12 சண்டை ஜெயிச்சவரை 2021 மார்ச்ல, கோவாவுல, லோப்சன் சாய்ச்சார். மறுபடி வந்தது 2022 ஆகஸ்ட், ராய்ப்பூர். எதிர்ல கானாவோட எலியாசு சுலே: 8 சண்டை, எட்டும் நாக்-அவுட் வெற்றி. ரெண்டாவது ரவுண்டுலயே சுலே காலி! பேப்பர்ல புலி, ஆனா அந்த எட்டு பேர் யாருன்னும் பார்க்கணும்ல?

"சின்ன கம்பெனிக்குப் போடுடா, ஈஸியா கிடைச்சிடும்"ங்கிறான் ஃப்ரெண்ட். "அதுல ஜெயிச்சு என்னப்பா தெரியப்போகுது?"ங்கிறார் அப்பா. (அவர் பார்த்த குத்துச்சண்டை 'சார்பட்டா பரம்பரை' மட்டும்தான்.)

ரெண்டு லிங்க்கும் வாட்ஸ்அப்ல கிடக்கு. நான் எங்க விழுந்தேன்னு எழுதிப் பார்த்தேன். ரெண்டு தடவையும் ஒரே குத்து: டேட்டா ஸ்ட்ரக்சர். அதைக் கேக்குற கம்பெனி லிங்க்கைத்தான் முதல்ல திறந்தேன்.