மூன்றாம் எண் வீடு

வடகொல்கத்தாவில் விதான் சரணி என்னும் பெருஞ்சாலையை ஒட்டி, கௌர்மோகன் முகர்ஜி தெரு என்றொரு சிறு தெரு உண்டு. அதில் மூன்றாம் எண்ணுள்ள வீட்டில்தான் 1863ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் நரேந்திரநாத தத்தர் பிறந்தார். பின்னாளில் உலகம் அவரை விவேகானந்தர் என்று அறிந்தது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களைக் காளிகாட்டுக்கும், தட்சிணேசுவரத்துக்கும், பேலூருக்கும் தவறாமல் அழைத்துச் செல்கிறோம். இவ்வீட்டிற்கு அழைத்துச் செல்வோர் சிலரே. பல ஆண்டுகள் இந்நகரில் குடியிருக்கும் நானும் மூன்று முறைதான் சென்றிருக்கிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் வாடகைக் குடிகளும் கடைகளும் நெருங்கி, சுவர்கள் சிதைந்து, இன்னார் பிறந்த இடம் என்று சொன்னாலும் நம்புதற்கு அரிதாய்க் கிடந்த வீடு இது. இராமகிருஷ்ண மிஷன் நெடுங்காலம் முயன்று இதனைப் பெற்றுப் பழைய அமைப்பிலேயே புதுப்பித்தது. 2004ஆம் ஆண்டில் இதனைத் திறந்து வைத்தவர், அப்போது குடியரசுத் தலைவராயிருந்த நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். பாம்பனில் 1897ஆம் ஆண்டு வந்திறங்கிய துறவியை எதிர்கொண்டு போற்றியவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அதே தீவில் பிறந்த ஒருவர் நூறாண்டு கழித்து அத்துறவியின் பிறந்தகத்தைத் திறந்து வைத்தார் என்பதை எண்ணும்போது, வெளியூரில் வாழும் தமிழனுக்குச் சற்றே நெஞ்சு நிமிர்வது இயல்புதானே!

தந்தையார் விசுவநாத தத்தர் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். கட்சிக்காரர்கள் வந்து அமரும் கூடத்தில் ஒவ்வொரு சாதியாருக்கும் தனித்தனியே ஹூக்கா வைத்திருப்பார்களாம். சிறுவன் நரேந்திரன் ஒருநாள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தானாம். கேட்டதற்கு, சாதி எப்படிப் போகிறது என்று பார்த்ததாகச் சொன்னானாம். பலரும் அறிந்த கதைதான். ஆயினும் நடந்த இடத்திலேயே நின்று எண்ணிப் பார்க்கும்போது, பின்னாளில் மேடைகளில் முழங்கிய சீர்திருத்தங்கள் பலவற்றின் வித்து இங்கே விழுந்ததோ என்று தோன்றுகிறது.

என் மனத்தை மிகவும் தொட்டது வேறொன்று. 1884ஆம் ஆண்டு பிப்ரவரியில் விசுவநாதர் திடீரென இறந்தார். விட்டுச் சென்றது கடன். அதே ஆண்டில் பி.ஏ. தேறிய மூத்த மகன், கையில் விண்ணப்பத்துடன், காலில் செருப்பின்றி, நண்பகல் வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் கதவு திறக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் உணவு போதாது என்றறிந்த நாள்களில், வெளியே விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறார். அடியேனும் பி.ஏ.தான். எனக்கு ஓர் எழுத்தர் நாற்காலி கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஏதேனும் ஓர் அலுவலகம் அவரை ஏற்றுக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும்? கோப்புகளில் குறிப்பெழுதி, பதவி உயர்வுக்குக் காத்திருந்து... வேண்டாம், நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

வறுமையோடு வழக்கும் சேர்ந்தது. பங்காளிகள் வீட்டின் உரிமையைப் பறிக்க முயல, தாயார் புவனேசுவரி தேவி பிள்ளைகளுடன் இராமதனு போஸ் சந்திலிருந்த தம் தாய் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். 1887இல் உயர்நீதிமன்றம் அவ்வம்மையார் பக்கம் தீர்ப்பளித்தது. எனினும் பிணக்கு ஓயவில்லை. உலகப்புகழ் பெற்றுத் திரும்பிய பின்னும் துறவிக்கு அந்தக் கவலை நீங்கவில்லை. 1898இல் கேத்ரி மன்னர் அஜித்சிங்குக்கு எழுதி, தாயாருக்கு மாதம் நூறு ரூபாய் தொடர்ந்து கிடைக்க வழி செய்யுமாறு வேண்டினார். 1901இல் தாயாரைக் கிழக்கு வங்கத்துத் தலங்களுக்கு அழைத்துச் சென்றார். வழக்கு முற்றாக முடிந்தது 1902 ஜூன் இறுதியில். ஜூலை 4ஆம் நாள் அவர் மறைந்தார். துறவிக்கு வீடேது, தாயேது என்று கேட்போர் இதனை அறிய வேண்டும்.

என் மூன்றாம் வருகையில் உடன் வந்தவர் என் தாயார். வயது எழுபத்து நான்கு. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் எங்கள் வீட்டை விற்றுவிட வேண்டும் என்கிறார் என் தமையனார். என் கையொப்பத்துக்கான தாள்கள் தபாலில் வந்து மேசையில் கிடந்தன. அதைப் பற்றி அம்மா வந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. யார் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்ற பேச்சைத் தமையனாரும் நானும் தொலைபேசியில் பேசியதுண்டு. அது அவர் காதில் விழுந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

சுவாமிகள் பிறந்த இடம் இப்போது வழிபாட்டிடம். அங்கே அம்மா நெடுநேரம் கைகூப்பி நின்றார். முற்றத்துக்கு வந்தபின் வழக்கின் கதையை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாளுக்கு வீடு கடைசியில் கிடைத்ததாப்பா?" என்றார்.

"பங்கு கிடைத்தது அம்மா."

"மகன் போன பிறகு எத்தனை வருஷம் இருந்தாள்?"

"ஒன்பது வருஷம். 1911இல் காலமானார்."

அம்மா மேலே எதுவும் கேட்கவில்லை. புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேரப்பிள்ளைகள் மாடிப்படிகளில் ஏறி இறங்கி ஆரவாரித்தனர். என் மனைவி அவர்களை அடக்கப் போனாள்.

வெளியே வந்து பெருஞ்சாலையோரம் மண் குவளையில் தேநீர் அருந்தினோம். குவளையைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "உன் அண்ணனுக்கு எழுது. கூடத்தையும் கிணற்றடியையும் எனக்கு விட்டுவிட்டு மற்றதை அவன் விற்றுக்கொள்ளட்டும். நான் இருக்கும்வரைக்கும்தானே!"

தொலைபேசியில் சொல்லலாமே என்றேன். எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். அன்றிரவே எழுதினேன், கையொப்பமிடாத தாள்களையும் அதே உறையில் வைத்து அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.