இந்த வீடு விற்பனைக்கு அல்ல!

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பல வீட்டுச் சுவர்களில் 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதாவிட்டால், வீட்டுக்காரருக்கே தெரியாமல் எவனாவது விற்றுவிடுவானாம்! அந்த ஊர் சட்டத்தில் மோசடிக்குப் பிரிவு 419. நம்ம பழைய 420-க்கு அண்ணன்!

ஆபீஸ் வேலையாகப் போன நான், ஏர்போர்ட்டில் என் பெயர் அட்டையைத் தூக்கிப் பிடித்தவரை உடனே நம்பவில்லை. அட்டையை யார் வேணும்னாலும் காப்பியடிக்கலாமே! முன்பே பேசிவைத்த ரகசிய வார்த்தையைச் சொன்ன பிறகே காரில் ஏறினேன். கதவுகளுக்குப் பூட்டு. இருட்டினால் ஓட்டலே கதி. சட்டைப்பையில் கொஞ்சம் பணத்தோடு ஒரு டம்மி பர்ஸ். மிரட்டினால் கொடுத்துடணும் சார். வீரம் காட்டினால் அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?

நமக்கு நாலு நாள்தான் இந்த ஜாக்கிரதை. சுவரில் எழுதிவைத்த அந்த ஊர்க்காரருக்கு வருஷம் பூரா!