சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

சிலிண்டரை ரீபோர் செய்து பெரிதாக்கிய பைக்கில் கூலன்ட் குறைந்தால், பலரும் தண்ணீர் ஊற்றியே ஓட்டுகிறார்கள். ஒருநாள் பிஸ்டன் ஜாம் ஆகி நடுரோட்டில் நிற்பார்கள்.

சொட்டும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்றில்லை. ஓடும்போது காற்று ஈரத்தைப் பின்னால் தள்ளிவிடும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் வாயில் டெஸ்ட் பம்ப் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றினால் கசிவு தானே தெரியும்.

வாட்டர் பம்ப் அடியிலுள்ள சின்னத் துளையில் சொட்டினால் உள்ளே சீல் போச்சு. எம்-சீல் வைத்து அதை அடைக்கும் புத்திசாலிகளும் உண்டு! அப்புறம் கூலன்ட் ஆயிலில் கலந்து பால்காபி நிறமாகிவிடும்.

வெளியே ஈரமே இல்லை, ரேடியேட்டரில் மட்டும் விடாமல் குமிழி வருகிறதா? பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான். போர் பெரிதானதில் அது உட்காரும் விளிம்பு குறுகியிருக்கும். புதுசு போடும் முன் ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.